பூனைக்கு மூக்குலயோ தொண்டையிலயோ கட்டியான்னு கண்டுபிடிக்கிறது எப்படி: செல்லூர் சொக்கன் கதையோட ஒரு முழு வழிகாட்டி

எங்க வீட்டுச் சொக்கனுக்கு ஒன்பது வயசு. போன வருஷம் ஆடி மாசம் ராத்திரில குறட்டை விட ஆரம்பிச்சான். அம்மா சொன்னாங்க, "வயசாயிருச்சுல்லடி, ஒங்க அப்பாவும் இப்படித்தான்"னு. நாங்களும் சிரிச்சுட்டு விட்டுட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு தும்மல், வலது மூக்குல மட்டும் ஒழுகல். பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்ல காமிச்சோம், சளின்னு சொல்லி ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, சரியாச்சு. பத்து நாள்ல திரும்ப வந்துச்சு. வேற ஆன்டிபயாட்டிக், திரும்ப சரியாச்சு, திரும்ப வந்துச்சு. இப்படியே நாலு மாசம். கடைசில ஒரு ஊசி போட்டாங்க பாருங்க, ரெண்டே நாள்ல சொக்கன் பழைய சொக்கன் ஆயிட்டான், மீனு மீனா திங்கிறான், நான் மீனாட்சி கோயிலுக்குப் போய் அர்ச்சனையே பண்ணிட்டு வந்தேன். மூணு வாரம்தான். அதுக்கப்புறம் வாயைத் தொறந்து மூச்சு விட ஆரம்பிச்சுட்டான்.

அந்த ஊசி ரொம்ப நாள் உடம்புல நிக்கிற ஸ்டீராய்டுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அதனாலதானோ என்னவோ, மொத பயாப்ஸில, அதாவது சதை எடுத்துப் பாக்குற டெஸ்ட்ல, "வெறும் அழற்சி"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ரெண்டாவது பயாப்ஸிலதான் மூக்குக்குப் பின்னாடி தொண்டை ஆரம்பிக்கிற எடத்துல லிம்போமான்னு, அதாவது வெள்ளை அணு வகைல வர்ற புத்துன்னு தெரிஞ்சுச்சு. நாங்க செஞ்சது எல்லாமே செய்ய வேண்டியதுதான், ஆனா வரிசை தப்பு. இந்த நோய்ல வரிசை தப்பினா மாசக்கணக்குல போயிரும், அதனாலதான் இதை இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நான் டாக்டர் இல்லங்க, மதுரை செல்லூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஒங்க பூனையைத் தொட்டுப் பாக்குற டாக்டர் சொல்றதுதான் முக்கியம். அவர்கிட்ட என்ன கேக்கணும், எதை எதுக்கு முன்னாடி செய்யணும்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இது.

மொதல்ல வீட்டுல உக்காந்து சத்தத்தைக் கேளுங்க

எங்க அடைச்சிருக்குன்னு சத்தமே பாதி சொல்லிரும். மூக்கோட முன்பக்கம் பிரச்சினைன்னா தும்மலும் ஒழுகலும்தான் அதிகமா இருக்கும். மூக்குக்குப் பின்னாடி, மேலண்ணத்துக்கு மேல, நேசோஃபேரிங்க்ஸ்னு சொல்ற எடத்துல அடைப்புன்னா தும்மல் கம்மியா இருக்கும், ஒழுகலே கூட இல்லாம இருக்கலாம், ஆனா முழிச்சிருக்குறப்பவே குறட்டை மாதிரி கொர்கொர்னு சத்தம் வரும். அதுக்கும் கீழ குரல்வளைல பிரச்சினைன்னா மூச்சை உள்ள இழுக்குறப்ப விசில் அடிச்ச மாதிரி கீச்சுன்னு கேக்கும், மியாவ் மாறிப்போகும், கரகரன்னு வரும் இல்ல சத்தமே வராம வாய் மட்டும் அசையும். சாப்புடுறப்ப ஓங்கரிக்கும், எச்சி வடியும். பூனை கத்துற கத்து மாறுனா நெறைய பேரு கண்டுக்கறதே இல்ல, பசிக்குதுன்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க.

இதை போன்ல வீடியோ எடுத்து வைங்க. தூங்குறப்ப ஒண்ணு, சாப்புடுறப்ப ஒண்ணு, கத்துறப்ப ஒண்ணு. கிளினிக்குக்குப் போனா பயத்துல பூனை கம்முனு உக்காந்துக்கும், ஒரு சத்தமும் வராது, டாக்டரும் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுவாரு.

அப்புறம் காத்து ரெண்டு மூக்குலயும் வருதான்னு பாக்கணும். இதுக்கு ஒரு மிஷினும் வேணாம். வெளக்குத் திரி போடுற பஞ்சுல ரெண்டு இழை பிச்சு, பூனை வாயை மூடி அமைதியா இருக்குறப்ப ஒவ்வொரு ஓட்டைக்கு முன்னாடியும் பிடிங்க, இழை ஆடணும். ஒரு பக்கம் ஆடி இன்னொரு பக்கம் ஆடலைன்னா அந்தப் பக்கம் அடைச்சிருக்கு. சொக்கனுக்கு வலது பக்கம் இழை அசையவே இல்ல, இடது பக்கம் பாதி. இதை டாக்டர்கிட்ட சொன்னப்ப அவரே ஒரு நிமிஷம் நிமிந்து பாத்தாரு.

நோட்டு ஒண்ணு போடுங்க. எந்தத் தேதி தொடங்குச்சு, எந்தப் பக்கம், தண்ணியா சளியா ரத்தமா, எந்த மருந்து எத்தனை நாள் குடுத்தோம், நிறுத்துன எத்தனாவது நாள் திரும்ப வந்துச்சு. வாரத்துக்கு ஒருதரம் எடை போடணும், மளிகைக் கடை தராசு இருந்தா அதுல ஒரு கூடைய வச்சுப் பாத்துக்கலாம். நாலு கிலோ பூனை 400 கிராம் எறங்குனா பத்துல ஒரு பங்கு போயிருச்சுன்னு அர்த்தம், பாக்குறதுக்கு ஒண்ணும் தெரியாது, முடி மறைச்சுரும். தூங்குறப்ப நெஞ்சு ஏறி எறங்குறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க, 30க்குக் கீழ இருக்கணும்.

பூனை வாயைத் தொறந்து மூச்சு விட்டாலோ, ஈறு நீலம் பாரிச்சாலோ இந்த வழிகாட்டி எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அது அவசரம், கெளம்பிருங்க. நாய் நாக்கத் தொங்கப் போட்டு இளைக்கிறது சாதாரணம், பூனைக்கு அப்படி இல்ல.

வீட்டு வைத்தியம் பத்தி ஒரு வார்த்தை

நம்மூர்ல சளின்னா கை தானா தைலத்துக்குப் போகும். வேணாங்க. நீலகிரித் தைலம், கற்பூரம், விக்ஸ் இதெல்லாம் பூனைக்கு விஷம், மேல தடவுனா நக்கி உள்ள எறக்கிரும். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும், அதை ஒடைச்சுக் குடுக்கலாமான்னு கூடக் கேக்காதீங்க. சாம்பிராணிப் புகை, கொசுவத்தி ரெண்டும் அந்த ரூம்ல வேணாம், ஏற்கெனவே அடைச்ச மூக்கு. குளிச்சு முடிச்ச பாத்ரூம்ல வெந்நீர் ஆவி இருக்குறப்ப கூட ஒரு பத்து நிமிஷம் உக்காத்தி வைக்கலாம், சளி இளகும், அது போதும்.

கட்டியாத்தான் இருக்கணும்னு இல்ல

பயந்துராதீங்க. தும்முற பூனைல பெரும்பாலானதுக்குக் கட்டி கிடையாது. மத்தது எல்லாம் என்னென்ன, எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு சொல்றேன், ஏன்னா டாக்டரும் இந்த வரிசைலதான் ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வருவாரு.

குட்டியா இருக்குறப்ப ஹெர்ப்பிஸ் வைரஸ், கலிசி வைரஸ் வந்து போன பூனைக்கு வாழ்நாள் பூரா அப்பப்ப சளி வரலாம். அது பெரும்பாலும் ரெண்டு மூக்குலயும் இருக்கும், கண்ணும் சேந்து ஒழுகும், சின்ன வயசுல இருந்தே கதை இருக்கும். தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த பூனைங்களுக்கு இது ரொம்ப சகஜம்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்குக் காலைல இருந்து விடாம தும்முது, மூஞ்சிய கையால பிராண்டுதுன்னா புல்லை நெனைங்க. பூனை அருகம்புல்லைத் தின்னு கக்குறப்ப ஒரு இழை மேல ஏறி மூக்குக்குப் பின்னாடி சொருகிக்கும். எங்க தெருவுல ஒரு வீட்டுப் பூனைக்கு மயக்கம் குடுத்து இழுத்தப்ப ஒரு விரல் நீளத்துக்குப் புல்லு வந்துச்சு, அத்தோட தும்மல் நின்னுருச்சு. மீன் முள்ளும் இதே வேலை பண்ணும்.

மேல் பல்லு வேர்ல சீழ் புடிச்சாலும் ஒரு பக்க மூக்குல ஒழுகும், கண்ணுக்குக் கீழ வீங்கும். அதனால வாயைத் தொறந்து பல்லைப் பாக்காம யாராவது மூக்கை மட்டும் பாத்துட்டு மருந்து எழுதுனா, "பல்லு ஒருதரம் பாத்துருங்க சார்"னு கேளுங்க, தப்பில்ல.

ரெண்டு வயசுக்குள்ள இருக்குற பூனை கொர்கொர்ங்குது, தலைய ஆட்டுது, ஒரு பக்கமா சாச்சு நடக்குதுன்னா பாலிப்பா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இது கட்டிதான், ஆனா புத்து இல்ல. நடுக்காதுல இருந்து கெளம்பி அந்தக் குழாய் வழியா தொண்டைக்குப் பின்னாடி வந்து தொங்கும். புடிச்சு இழுத்தே எடுத்துருவாங்க, சிலதுக்குத் திரும்ப வளரும், அப்ப காதுக்குக் கீழ இருக்குற எலும்புக் கூட்டைத் தொறந்து ஆபரேஷன் பண்ணுவாங்க. சின்ன வயசுப் பூனையைக் கட்டின்ன ஒடனே கை கழுவிறக் கூடாது, இதுக்காகத்தான்.

அடுத்தது மதுரைக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது. புறா. நம்மூர்ல மொட்டை மாடில கூண்டு கட்டிப் புறா வளக்குறவங்க எத்தனை பேரு, கர்ணப் புறாவுக்குப் போட்டியே நடக்குது. புறா எச்சத்துல கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை வளரும், பூனை அதை மோந்து உள்ள இழுத்துச்சுன்னா மூக்குக்குள்ள கட்டி மாதிரியே வளரும், மூக்குத் தண்டு வீங்கும், அப்படியே புத்து மாதிரியே இருக்கும். ஆனா இது மருந்துக்குக் கேக்குற நோய், மாசக்கணக்குல பூஞ்சை மாத்திரை குடுக்கணும் அவ்ளோதான். மூக்குச் சளியையோ வீக்கத்துல ஊசி குத்தி எடுத்ததையோ மைக்ராஸ்கோப்புல பாத்தா சுத்தியும் தடிச்ச ஒறையோட உருண்டை உருண்டையா தெரியும், ரத்தத்துல ஆன்டிஜென் டெஸ்டும் இருக்கு. பக்கத்துல புறாக் கூண்டு இருந்தா டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிருங்க.

ரத்தம் மட்டும் வருதுன்னா இன்னொண்ணு யோசிங்க, வீட்டுலயோ பக்கத்துக் கடைலயோ எலி மருந்து வச்சிருக்காங்களா? எலி மருந்துல நெறைய ரத்தத்தை ஒறைய விடாம பண்ற வகைதான், மருந்து தின்ன எலியைப் பூனை தின்னாலும் ஆபத்து.

எப்ப கட்டின்னு சந்தேகப்படணும்

எட்டு ஒன்பது வயசுக்கு மேல இருக்குற பூனை. ஒரு பக்கமா ஆரம்பிச்சு பைய அடுத்த பக்கத்துக்கும் போற ஒழுகல். சளியோட ரத்தம் கலந்து வர்றது. மூக்குத் தண்டோ நெத்தியோ ஒரு பக்கம் மேடு தட்டுறது, ஒரு கண்ணு பிதுங்குறது, ஒரு கண்ணுல மட்டும் தண்ணி கொட்டுறது. எடை எறங்குறது. இதுல ரெண்டு மூணு சேந்து வந்துச்சுன்னா சளி மருந்தோட நிறுத்தக் கூடாது. பூனை வட்டமா சுத்துறது, வலிப்பு வர்றது, ஆளை அடையாளம் தெரியாத மாதிரி இருக்குறதுன்னா கட்டி மூளைப் பக்கம் போயிருக்கலாம்.

ஆன்டிபயாட்டிக்ல கேட்டுச்சே, அப்ப கட்டி இல்லதானேன்னு நானும் ஏமாந்தேன். கட்டி இருக்குற மூக்குல கிருமி மேல குடியேறும், மருந்து அந்தக் கிருமியைக் கொல்லும், ஒழுகல் கொறையும், கட்டி அப்படியேதான் இருக்கும். ஒருதரம் சரியாகித் திரும்ப வந்தா சரி, மூணாவது தரமும் அதே மூக்குன்னா மருந்தை மாத்தறது இல்ல, உள்ள என்னன்னு பாக்குறதுதான் வேலை.

பூனைக்கு மூக்குக்குள்ள வர்ற கட்டில அதிகமா வர்றது லிம்போமா. அடுத்தது சுரப்பி செல்லுல வர்ற அடினோகார்சினோமா, தோல் மாதிரி மேல்பரப்பு செல்லுல வர்ற ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. எலும்பு, குருத்தெலும்புல இருந்து வர்ற சார்கோமா அபூர்வம். மோப்ப நரம்புல இருந்து வர்ற ஆல்ஃபேக்டரி நியூரோபிளாஸ்டோமா அதுக்கும் மேல அபூர்வம். குரல்வளைல கட்டி வர்றதே அபூர்வம்தான், வந்தா லிம்போமா இல்ல ஸ்குவாமஸ். டான்சில்லயும் நாக்குக்கு அடிலயும் ஸ்குவாமஸ் வரும்.

வெள்ளைப் பூனை, ரோஸ் கலர் மூக்கு வச்சிருக்குறவங்களுக்குத் தனியா ஒண்ணு. மூக்கு நுனில ஒரு சின்னப் பொருக்கு, ஆறவே ஆறாத புண்ணு, சண்டை போட்ட கீறல்னு நெனப்பீங்க. மதுரை வெயில்ல மாடிலயே படுத்துக் கெடக்குற வெள்ளைப் பூனைக்கு அது வெயிலால வர்ற ஸ்குவாமஸ் கட்டியா இருக்கலாம், காது நுனிலயும் வரும். சீக்கிரம் புடிச்சா அந்த எடத்தோட எடுத்துரலாம். மூணு வாரம் ஆறாத எந்தப் புண்ணையும் ஆயின்மென்ட் போட்டு ஓட்டாதீங்க.

மொத நாள் கிளினிக்ல என்னென்ன

மயக்கம் குடுக்காமலே செய்யக் கூடியது நெறைய இருக்கு. வாய், பல்லு, மேலண்ணம் பாக்கணும், சில நேரம் மேலண்ணம் கீழ உப்பித் தொங்குறது கையால தொட்டாலே தெரியும். கண்ணை மெதுவா உள்ள அமுக்கிப் பாப்பாங்க, பின்னாடி கட்டி இருந்தா ஒரு பக்கம் அமுங்காது. தாடைக்குக் கீழ நெறிகட்டி இருக்கான்னு பாத்து, நெறி வீங்கியிருந்தாலும் இல்லாட்டியும் அதுல சின்ன ஊசி போட்டு செல் எடுக்கச் சொல்லுங்க. எஃப்என்ஏசின்னு சொன்னா புரியும். நெறி பெருசா இல்லாட்டியும் உள்ள பரவியிருக்கலாம், சில சமயம் அதுலயே விடை கெடைச்சுரும், பயாப்ஸியே வேணாம்னு ஆயிரும்.

ரத்தம்: முழு கவுன்ட், பிளேட்லெட், கிட்னி, லிவர். மூக்குல ரத்தம் வர்ற கேஸுன்னா பிபி பாக்கணும், ரத்தம் ஒறையுற நேரமும் பாக்கணும், பின்னாடி பயாப்ஸி எடுக்குறப்பவும் இது வேணும். எஃப்இஎல்வி (பூனை லுகேமியா வைரஸ்), எஃப்ஐவி (பூனையோட எதிர்ப்பு சக்தியைக் கொறைக்கிற வைரஸ்) ரெண்டுக்கும் கிட் டெஸ்ட் இருக்கு, கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுரும். லுகேமியா வைரஸ் இருந்தா லிம்போமா வர்ற வாய்ப்பு கூடும், ஆனா மூக்கு லிம்போமா வர்ற பூனைல பெரும்பாலானதுக்கு இந்த டெஸ்ட் நெகட்டிவாத்தான் இருக்கும். சொக்கனுக்கும் நெகட்டிவ். நெகட்டிவ்னு பாத்துட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்தது என் முட்டாள்தனம்.

மூக்குச் சளியை கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளத்துப் பாக்க அனுப்பலாம்னு சொல்லுவாங்க. என் கணக்குல அது காசு தண்டம். நல்ல பூனை மூக்குலயே கிருமி இருக்கும், அதேதான் ரிப்போர்ட்லயும் வரும். பூஞ்சைக்காகப் பாக்குறதுன்னா சரி.

ஸ்டீராய்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கறதுன்னா இதை வச்சுக்கோங்க. என்ன நோய்னு சதை எடுத்துப் பாக்குறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு வேணாம். லிம்போமா செல்லு ஸ்டீராய்டுக்குச் சட்டுனு சுருங்கும், பூனை குதிக்கும், நாமளும் குதிப்போம். அந்த நேரத்துல பயாப்ஸி எடுத்தா நோய் மறைஞ்சு நிக்கும், அப்புறம் திரும்ப வர்றப்ப கீமோவுக்கும் சரியாக் கேக்காமப் போகலாம். பூஞ்சையா இருந்துச்சுன்னா இன்னும் மோசம், ஸ்டீராய்டு அதை வளத்து விட்டுரும்.

டாக்டர் ஊசி எடுக்குறப்ப "சார், இதுல ஸ்டீராய்டு இருக்கா?"ன்னு மரியாதையாவே கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஏற்கெனவே போட்டாச்சுன்னா என்ன மருந்து, எந்தத் தேதின்னு எழுதி வாங்கிக்கோங்க. சில ஸ்டீராய்டு ரெண்டு நாள்ல எறங்கிரும், டெப்போ வகை வாரக்கணக்குல நிக்கும், எப்ப பயாப்ஸி எடுக்கலாம்னு அடுத்த டாக்டர் முடிவு பண்றதுக்கு அந்தத் தேதிதான் வேணும். மூச்சு முட்டி உசுருக்கே ஆபத்துன்னா அது வேற, அப்ப ஸ்டீராய்டு போட்டுத்தான் ஆகணும், அங்க போய் வாதாடாதீங்க.

படம் எடுக்குறது

எக்ஸ்ரே மதுரைலயே எடுத்துரலாம், தல்லாகுளம் அரசு கால்நடை ஆஸ்பத்திரில இருந்து ஆரம்பிக்கலாம், தனியார் கிளினிக்லயும் இருக்கு. ஆனா தலையை எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணு மேல ஒண்ணா எலும்பு விழும், கட்டி நல்லா வளந்து எலும்பைத் தின்னதுக்கு அப்புறம்தான் தெரியும். எடுக்கறதுன்னா மயக்கம் குடுத்து வாய்க்குள்ள பிலிம் வச்சு மேல இருந்து எடுத்தா கொஞ்சம் உருப்படியா இருக்கும், ரெண்டு மூக்கையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். கழுத்தைப் பக்கவாட்டுல எடுத்தா தொண்டைக்குப் பின்னாடி கட்டி நிழல் மாதிரி தெரியும், சொக்கனுக்கு அப்படித்தான் மொதல்ல தெரிஞ்சுச்சு. நெஞ்சுக்கு மூணு பொசிஷன்ல எடுக்கணும், நுரையீரலுக்குப் பரவியிருக்கான்னு பாக்க.

உண்மையான விடை சிடி ஸ்கேன்லதான். மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல சல்லடை மாதிரி ஒரு மெல்லிசு எலும்பு இருக்கு, கிரிப்ரிஃபார்ம் பிளேட்னு பேரு, கட்டி அதைத் தாண்டிருச்சா இல்லையாங்கறதை சிடிதான் சொல்லும். எங்க இருந்து சதை எடுக்கணும்னு வழியும் காட்டும். காதும் சேந்து தெரியறதால பாலிப்பும் மாட்டிக்கும். கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு எடுக்கச் சொல்லுங்க, அதுலதான் சளி எது சதை எதுன்னு பிரிஞ்சு தெரியும்.

இதுக்கு வெளியூர் போக வேண்டி வரலாம். தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள்ல மதுரைல இருந்து போகக் கூடியது தேனியும் திருநெல்வேலி ராமையன்பட்டியும், 1903ல ஆரம்பிச்ச சென்னை வேப்பேரி காலேஜுக்குத்தான் கடைசில பெரிய கேஸு எல்லாம் போகும். எந்த எடம்னாலும் போன் பண்ணி, மிஷின் ஓடுதா, பூனைக்கு மயக்க டாக்டர் இருக்காரா, ஸ்கோப்பும் (கேமரா வச்ச குழாய் விட்டுப் பாக்குறது) பயாப்ஸியும் அன்னைக்கே பண்ணுவாங்களான்னு மூணையும் கேட்டுட்டுக் கெளம்புங்க. ஆத்தாடி, அரப்பாளையத்துல இருந்து பஸ்ஸுல கூண்டை மடில வச்சுக்கிட்டுப் போய், இன்னைக்கு ஆளு லீவுன்னு திரும்பி வந்த கதையை நான் சொல்ல மாட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டுக்கோங்க, இது கடைக்காரி சொல்றதுக்காக இல்ல, உண்மையாவே வேணும்.

மயக்கம், ஸ்கோப்பு, பயாப்ஸி

மயக்கத்துக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் பட்டினின்னு டாக்டர் சொல்றபடி விடுங்க. ஒரே மயக்கத்துல எல்லாம் முடியுற மாதிரி பேசிக்கிட்டா நல்லது. அதுலயும் வரிசை இருக்கு: மொதல்ல சிடி, அப்புறம் ஸ்கோப்பு, கடைசில பயாப்ஸி. பயாப்ஸி எடுத்துட்டு ஸ்கேன் எடுத்தா ரத்தம் நெறைஞ்சு படத்துல எது கட்டி எது ரத்தம்னு தெரியாது.

ஸ்கோப்பு ரெண்டு வகை. வளையுற ஸ்கோப்பை வாய் வழியா விட்டு மேலண்ணத்துக்குப் பின்னாடி கொக்கி மாதிரி மடக்கி மேல பாப்பாங்க, நேசோஃபேரிங்க்ஸ் அப்படியே தெரியும். நேரா இருக்குற சின்ன ஸ்கோப்பை மூக்கு ஓட்டை வழியா விடுவாங்க. ஸ்கோப்பு இல்லாத எடத்துல கூட மேலண்ணத்தை ஒரு கொக்கியால முன்னாடி இழுத்து, பல் டாக்டர் கண்ணாடி வச்சுப் பாத்தே பாலிப்பையும் புல்லையும் எடுத்த டாக்டருங்க இருக்காங்க. மிஷின் இல்லைன்னு ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு இல்ல.

இன்னொண்ணு, சலைனை ஊசிக் குழல்ல ஏத்தி மூக்குல வேகமா அடிச்சுக் கழுவுறது. தொண்டைல கட்டுத்துணி வச்சு அடைச்சு, மூச்சுக் குழாய்ல டியூப் போட்டுக் காத்து ஊதி இறுக்கிட்டுத்தான் பண்ணுவாங்க, இல்லாட்டி தண்ணி நுரையீரலுக்குப் போயிரும். சில நேரம் கட்டித் துண்டே வெளிய வந்து விழும், அதையே பயாப்ஸிக்கு அனுப்பலாம், பூனைக்கும் ஒடனே மூச்சு லேசாகும்.

சதை எடுக்குறப்ப டாக்டருங்க ஒரு விதி வச்சிருக்காங்க. மூக்கு நுனில இருந்து கண்ணோட உள்மூலை வரைக்கும் கருவிய அளந்து குறி வச்சுக்குவாங்க, அதுக்கு மேல உள்ள போனா அந்தச் சல்லடை எலும்பைத் தாண்டிரும். துண்டு ஒண்ணு பத்தாது, ஆழத்துல இருந்து பல எடத்துல எடுக்கணும். கட்டி மேல அழுகலும் அழற்சியும் போர்வை மாதிரி மூடியிருக்கும், மேலோட்டமா கிள்ளுனா போர்வைதான் வரும். சொக்கனோட மொத பயாப்ஸில ரெண்டே ரெண்டு துணுக்கு, கடுகு சைஸு.

ரத்தம் வரும், பயப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு நாளைக்குத் தும்முனா செவப்பா தெறிக்கும், வீட்டுச் சுவத்துல எல்லாம் இருக்கும். நிக்காம சொட்டுனா, ஈறு வெளுத்துப் போனா ஒடனே போன் பண்ணுங்க.

தொண்டைக்குத் தனி கவனம்

குரல்வளைல பிரச்சினைன்னா மூக்கு மாதிரி நிதானமா பண்ண முடியாது. வழியே அங்கதான் ஒரு நூல் அளவுக்கு இருக்கு. கழுத்துல அல்ட்ராசவுண்ட் வச்சு மயக்கம் இல்லாமலே கட்டி தெரியுதான்னு மொதல்ல பாக்கலாம், தெரிஞ்சா அதுலயே ஊசி குத்தியும் எடுக்கலாம். உள்ள பாக்குறதுன்னா லேசான மயக்கத்துல, குரல்வளை நல்லா தெறந்து மூடுதான்னும் சேத்துப் பாப்பாங்க. பூனைக்குக் குரல்வளை தொட்டாலே இறுகிக்கும், அதனால மரக்குற மருந்து அடிச்சுட்டுத்தான் டியூப் போடுவாங்க. பயாப்ஸிக்கு அப்புறம் வீங்கி அடைச்சுக்கலாம். கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக் குழாய் வைக்கிறதுக்கு ரெடியா இருக்கீங்களான்னு கேளுங்க, இல்லைன்னா அந்த எடத்துல பண்ணாதீங்க.

அப்புறம் இது ரொம்ப முக்கியம். குரல்வளைல புத்து இல்லாத வெறும் அழற்சியே கண்ணுக்குக் கட்டி மாதிரியே இருக்கும். எந்தப் பெரிய டாக்டரானாலும் கண்ணால பாத்துட்டு அதை இதுன்னு பிரிக்க முடியாது. அந்த அழற்சி ஸ்டீராய்டுக்குச் சரியாகுற வாய்ப்பு இருக்கு. பாத்த ஒடனே "கட்டி, இனி கஷ்டம், தூங்க வச்சுரலாம்"னு யாராவது சொன்னா, பூனை மூச்சுக்குத் தாக்குப் புடிக்கிற வரைக்கும், ரிப்போர்ட் வரட்டும்னு சொல்லுங்க.

துண்டு லேபுக்குப் போறதும் ரிப்போர்ட் படிக்கிறதும்

எடுத்த துண்டை 10 சதவீத ஃபார்மலின்ல போடணும், துண்டைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கணும். சலைன்ல போட்டுக் கூரியர் அனுப்பி நம்ம வெயில்ல அழுகிப் போன கேஸு கேள்விப்பட்டிருக்கேன். ஃபார்மலின்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டைக் கண்ணாடி ஸ்லைடுல ஒத்தி எடுக்கச் சொல்லுங்க, லிம்போமாவோ கிரிப்டோகாக்கஸோ அன்னைக்கே தெரிஞ்சுரலாம். அந்த ஸ்லைடும் ஃபார்மலின் டப்பாவும் ஒரே பொட்டலத்துல போகக் கூடாது, ஃபார்மலின் ஆவி ஸ்லைடைக் கெடுத்துரும். கால்நடை பேத்தாலஜி பாக்குறவங்ககிட்ட அனுப்புறது நல்லது, டப்பா மேல பூனை பேரு, வயசு, எந்தப் பக்கம், ஸ்டீராய்டு போட்ட தேதி எல்லாம் எழுதுங்க.

ரிப்போர்ட்ல "லிம்போபிளாஸ்மசைடிக் ரைனைட்டிஸ்"னு வந்தா அது அழற்சி. அதுவே உண்மையாவும் இருக்கலாம், கட்டி மேல இருக்குற போர்வையாவும் இருக்கலாம். சிடில எலும்பு அரிச்சிருக்கு, மூஞ்சி மேடு தட்டியிருக்கு, ஆனா ரிப்போர்ட் அழற்சின்னா ரெண்டும் ஒத்துப் போகலை, திரும்ப எடுக்கணும். எனக்கு இதை ஒத்துக்க மனசு வரலை, திரும்ப மயக்கமான்னு ரெண்டு நாள் அழுதேன், அப்புறம்தான் சரின்னேன். "ரவுண்ட் செல் டியூமர்"னு மட்டும் வந்தா பாதி விடைதான், ஐஎச்சின்னு ஒரு சாயம் போடுற டெஸ்ட் கேக்கணும். சிடி3 ஒட்டுனா டி செல் லிம்போமா, சிடி20 ஒட்டுனா பி செல், பூனை மூக்குல பெரும்பாலும் பி செல்தான். இந்த சிடி வேற, ஸ்கேன் சிடி வேற, நான் கொழம்பிப் போய் டாக்டரைத் திரும்ப ஸ்கேனான்னு கேட்டேன். செல்லு கார்சினோமாவா சார்கோமாவா அந்த மோப்ப நரம்புக் கட்டியான்னு பிரிக்கவும் இந்தச் சாயம்தான். அதுலயும் புரியாட்டி பார்னு ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கு, செல்லு எல்லாம் ஒரே செல்லுல இருந்து பெருகுனதான்னு பாக்கும்.

பேரு தெரிஞ்ச அப்புறம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்கணும். நெறிகட்டி ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே ஏற்கெனவே இருக்கும். லிம்போமான்னா வயித்துக்கும் அல்ட்ராசவுண்ட் எடுக்கணும், கிட்னி முக்கியம். மூக்கோட மட்டும் நிக்குதுன்னா ரேடியேஷன் நல்லாக் கேக்கும், அது கெடைக்காத எடத்துல கீமோ.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாது. மூக்கு அடைச்ச பூனைக்கு மோப்பம் இல்ல, மோப்பம் இல்லாட்டி திங்காது, ரெண்டு மூணு நாள் திங்காட்டி லிவர்ல கொழுப்பு ஏறிரும், அது தனியா கொல்லும். நெத்திலியை அவிச்சு வெதுவெதுப்பா, மணம் வர்ற மாதிரி குடுங்க, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேணாம். அதுக்கும் வாய் தொறக்காட்டி கழுத்துல ஃபீடிங் டியூப் வைக்கலாமான்னு கேளுங்க, பாக்கத்தான் பயமா இருக்கும், பூனை அதை சட்டையே பண்ணாது.

சொக்கனுக்கு வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, பிரட்னிசலோன் மூணும் சேந்த கீமோ ஓடிக்கிட்டு இருக்கு. பஞ்சு இழை இப்ப ரெண்டு பக்கமும் ஆடுது. இதை டைப் பண்றப்ப ஜெராக்ஸ் மிஷின் மூடி மேல சூட்டுக்குப் படுத்துக் கெடக்கான், கடைல ரெண்டு பேரு ஆதார் காப்பிக்கு நிக்கிறாங்க, எழுப்ப மனசு வரலை. இப்பத்தான் எண்ணுனேன், நிமிஷத்துக்கு 24.